அளவு மாறாத வில்

முன்னொரு காலத்திலே, எவ்வளவு முன்னே என்று என்னைக் குடையாதீர்கள், வேங்கைமலை என்று ஒரு குட்டி ராஜ்ஜியம் இருந்தது. அதற்கு ராஜா உண்டு. அவர் அரண்மனையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், விடட்டும். நம் கதை மலைமேலே, தினைக்காட்டிலே நடக்கிறது.

அங்கே கிளி ஓட்டுவதும் பன்றி விரட்டுவதும் பிள்ளைகள் வேலை. அதனால் பிள்ளைக்கொரு வில். ஆனால் யாருக்கும் சொந்தமாக வில் கிடையாது. வில்லைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தினால் நுனி நெற்றிக்கு வரவேண்டும், அதுதான் அளவு. பிள்ளை வளர்ந்து, நுனி மோவாய்க்குக் கீழே போய்விட்டால் அந்த வில் அடுத்த சின்னப் பிள்ளைக்குப் போகும். மூத்தவர் வில் ஒன்று இந்தப் பிள்ளைக்கு வரும். அழுது புரண்டாலும் ஊர் வழக்கம் அதுதான்.

அந்த ஊரில் வெண்ணி என்று ஒரு பெண். அவள் அப்பா அம்மாவைக் காட்டாறு கொண்டுபோய்விட்டது. ஊரார் நல்லவர்கள்தான், கஞ்சிக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அவரவர் பிள்ளையைத்தானே பெயர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? காவல் பரணிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் இறங்கி ஓடும். வெண்ணி மட்டும் மெதுவாக இறங்குவாள். அவளைக் கூப்பிட ஆள் இல்லை.

ஆனால் அவள் கைக்கு வந்த வில் இருக்கிறதே, அது பேசும். நம்பாதவர்கள் எழுந்து போகலாம். அளவு பொருந்திய கைக்கு மட்டும்தான் அதன் குரல் கேட்கும். அதற்கு மூன்று கதை தெரியும்: மோதிரம் திருடிய கிளியின் கதை, பள்ளத்தில் விழுந்த பன்றியின் கதை, நிலாவைப் பெண் கேட்டுப் போன நரியின் கதை.

"எனக்குன்னு யாரு இருக்கா?" என்பாள் வெண்ணி.

"நான் இருக்கேனே," என்னும் வில்.

அது போதும் அவளுக்கு, நிம்மதியாகத் தூங்கிவிடுவாள்.

ஆனால் பிள்ளை என்றால் வளராமல் இருக்குமா? வில்லின் நுனி புருவத்துக்கு வந்தது, மூக்குக்கு வந்தது. குரல் தேய்ந்துகொண்டே போனது. அடுத்த வீட்டுத் தும்பை வேறு வந்து நின்றாள். "வெண்ணியக்கா, அந்த வில் அடுத்து எனக்குத்தானே?" சின்னப் பெண், ஆசையாகக் கேட்டாள். வெண்ணி வில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மறுநாளே குகை மந்திரவாதி பில்லிமாறனிடம் ஓடினாள். நரைத்த தாடியை நீவிக்கொண்டு அவன் கேட்டான்.

"தங்க வில் தரட்டுமா?"

"வேண்டாம்."

"மழை பெய்விக்கிற வில்?"

"வேண்டாம்."

"குறி தப்பாத வில்?"

"வேண்டாம். இதே வில் எனக்கு எப்பவும் அளவா இருக்கணும்."

"அவ்வளவுதானே? செஞ்சுட்டேன், போ. கூலிகூட வேண்டாம்."

கூலி வேண்டாம் என்கிற மந்திரவாதியைக் கண்டால் தலைதெறிக்க ஓடவேண்டாமா? இவள் கும்பிட்டுவிட்டு வந்தாள். வில்லைப் பெரிதாக்கும் வித்தை அவனுக்குத் தெரியாது. அவளுடைய வளர்ச்சியை எடுத்துத் தன் உடம்பில் போட்டுக்கொண்டான். அவன் தாடி கறுத்தது. வெண்ணி வில்லின் நுனி நெற்றிக்கு வருகிற பழைய உயரத்துக்கே குறைந்து, அப்படியே நின்றுபோனாள்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். குரல் கணீரென்று திரும்பிவிட்டது. தும்பை வளர்ந்து மறுபடி வந்து கேட்டபோது, "எனக்கு இன்னும் அளவாத்தான் இருக்கு," என்று வில்லை நிறுத்திக் காட்டினாள். தும்பை திரும்பிப் போனாள். அப்போதே அவள் வெண்ணியைவிட ஒரு பிடி உயரம்.

பிறகு தும்பைக்குக் கல்யாணம் நடந்தது. பெண்கள் எல்லாரும் மணப்பெண்ணைச் சுற்றிக் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். வெண்ணி கிட்டே போனாள். பேச்சு நின்றது. "பாப்பா, நீ போய் விளையாடு," என்றாள் யாரோ புதிதாக வந்த ஒருத்தி. விளையாடப் போனால், "இவங்க எங்க அம்மா வயசாம்," என்று பிள்ளைகள் ஒதுங்கி நின்றன. பெரியவர் பந்தியிலும் இடமில்லை, சின்னவர் பந்தியிலும் இடமில்லை. இலையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பாள், பாவம்? பரணுக்குத் திரும்பிவிட்டாள்.

"எனக்குன்னு யாரு இருக்கா?"

"நான் இருக்கேனே. நரி கதை சொல்லட்டுமா?"

"கேட்டாச்சு."

"பன்றி கதை?"

"அதுவும் கேட்டாச்சு."

"அப்ப கிளி கதை."

வெண்ணி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வருஷங்கள் உருண்டன. ஒரு நாள் தும்பை பரணடிக்கு வந்தாள். காதோரம் இரண்டு நரை. கையில் மகள் மல்லை. சின்னக் கெண்டைக்காலில் ஒரு பெரிய கட்டு.

"நேத்து பன்றி கிழிச்சிடுச்சு," என்றாள் தும்பை. "என் கைக்கு வராத வில், இவளுக்கும் வரலை. வெறுங்கையோட காவலுக்கு வந்தா. நான் உன்னைத் திட்ட வரலை. ஆனா இது நியாயமான்னு நீயே சொல்லு."

தும்பை மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெண்ணி வில்லைப் பார்த்துக் கேட்டாள்: "நான் என்ன செய்யட்டும்?"

"கொடுத்துடு. நீயா மனசார என்னைக் கொடுத்தா மந்திரம் அறுந்துபோகும்."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"பயம்தான். அடுத்த கையிலே என் பேச்சு கேட்குமோ கேட்காதோன்னு."

வெண்ணிக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குத் தெரியாத பயமா அது?

"கொடுத்துட்டா உன் குரல் எனக்குக் கேட்காதே. அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா?"

வில் பதில் சொல்லவில்லை. பதில் வரும் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பரணைவிட்டு இறங்கினாள்.

தும்பை வீட்டு வாசலில் மல்லை உட்கார்ந்திருந்தாள். வெண்ணி வில்லை அவள் மடியில் வைத்தாள். மல்லையின் கண் அகலமாகிவிட்டது. வில்லிடம் காதைக் கொண்டுபோனாள், தலையாட்டினாள், களுக்கென்று சிரித்தாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் வெண்ணி.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ளே," என்றாள் மல்லை.

அடுத்த நொடி எலும்பெல்லாம் வலித்தது வெண்ணிக்கு. திருடு போன வருஷங்கள் மொத்தமாகத் திரும்பி வந்தால் வலிக்காதா? கை நீண்டது, கால் நீண்டது, காதோரம் நரைகூட எட்டிப் பார்த்தது. அங்கே குகையில் பில்லிமாறனுக்குத் தாடி வெளுத்து, இருந்த பல்லும் கொட்டியது. அதன்பிறகு அவன் மந்திரம் சொன்னால் காற்றுதான் வந்தது. அவனை விடுங்கள்.

வெண்ணி மறுபடி பரணுக்குத்தான் போனாள். வேறே எங்கே போவாள்? வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாயங்காலம் மாதிரி ஒரு தனிமையை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

பரண் ஏணி கிறீச்சிட்டது. தும்பை மூச்சு வாங்க ஏறி வந்தாள், பெரிய வில் ஒன்றோடு. அதை வெண்ணிக்கு நேரே நிறுத்தினாள். நுனி சரியாக நெற்றிக்கு வந்தது. "என்னோடது. இனி நீ வச்சுக்க. எனக்கு இடுப்பு வலி, இழுக்க முடியலை."

வெண்ணி வில்லைக் காதருகே வைத்துப் பார்த்தாள். சாதாரண மூங்கில். சத்தமே இல்லை. அவள் முகம் வாடியது.

தும்பை அதைக் கவனிக்கவே இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, "அந்தக் கொடுமையை ஏன் கேட்கிறே, அன்னிக்குக் கல்யாணத்துலே என் மாமியார் என்ன செஞ்சா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

அந்தக் கதையை வெண்ணி கேட்டதே இல்லை.

"அப்புறம்?" என்றாள்.

மாமியார் கதை முடிந்து கொழுந்தனார் கதை வந்தது, அது முடிந்து பிரசவக் கதை வந்தது. "அப்புறம்? அப்புறம்?" என்று வெண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று பன்றிகள் வந்து கீழ்க்காட்டுத் தினையில் பாதியைத் தின்றுவிட்டுப் போயின. ஊரே திட்டியது. திட்டும்போது ஒவ்வொருவரும் அவளைப் பெயர் சொல்லித் திட்டினார்கள்.