தவளை தாவிய நாடி

நெல்லிக்கோட்டை ராஜா திருமேனிராயருக்குப் புளிக்குழம்பு என்றால் உயிர். அந்த உயிருக்கே அதனால்தான் ஆபத்து என்று ஒருவர் வந்து சொன்னால் என்ன ஆகும்? குழம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ராஜா கஞ்சி குடிப்பார். அதுதான் நடந்தது.

வந்தவர் பெயர் தன்வந்திரிதாசர். ஆயுர்வேதத்தில் கரை கண்டவர் என்று அவரே சொல்லிக்கொண்டார். முதல் நாளே ராஜாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

"வாத நாடி பாம்பு மாதிரி நெளியும் மகாராஜா. கப நாடி அன்னம் மாதிரி நடக்கும். பித்தம் ஏறினால் தவளை மாதிரித் தாவும். நீங்களே தொட்டுப் பாருங்கள்."

ராஜா தொட்டுப் பார்த்தார். தாவியது.

"உப்பில்லாத பாகற்காய்க் கஞ்சி, நாற்பது நாள்! எவன் நாடியில் தவளை தாவுகிறதோ அவனுக்கு இதுதான் பத்தியம். அரசன், ஆண்டி என்ற பேதமே கிடையாது. எல்லாம் மடைப்பள்ளிப் புளி செய்த வேலை. அமாவாசைக்குள் தவளை அடங்காவிட்டால் சமையல்காரியை அனுப்பிவிடுங்கள். என் மைத்துனன் பிரமாதமாகச் சமைப்பான்."

பத்து நாள் ஆயிற்று. ராஜா இளைத்தார். தவளை மட்டும் இளைக்கவில்லை. அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சமையல்காரி சொர்ணத்தாயி, அவையில் வாய்ச்சாலகர் என்று பேரெடுத்த ஆவுடைநம்பியைத் தேடி வந்தாள்.

"சாமி, இருபத்தெட்டு வருஷமா இந்தக் கையாலதான் ராஜா சாப்பிடறாரு. எனக்கு வீடும் அதுதான், நாதியும் அதுதான். இந்த வயசுல நான் யாரு வீட்டுப் படியேறுவேன்?"

நம்பியும் அவள் கைக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த உடம்புதான்.

"அழாதே தாயி. நாளைக் காலையில் நானே போய்ப் பார்க்கிறேன்."

"உங்களுக்கு நாடி பார்க்கத் தெரியுமா சாமி?"

"தெரியாது. வைத்தியரைப் பார்க்கத் தெரியும்."

மறுநாள் காலை நம்பி ராஜாவின் அறையில் ஓர் ஓரமாக நின்றார். ராஜா எழுந்தார், முணுமுணுத்துப் பாடினார், கூண்டுக்கிளியை வம்புக்கிழுத்தார். வைத்தியர் வந்து உட்கார்ந்தார். கையைத் தொடவில்லை. முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"அடடா, கண்ணில் மஞ்சள் தட்டுகிறதே! வடக்கே ஒரு பாளையக்காரர், இதே கண், இதே நிறம். மகள் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தார், பாவம். கட்டக் கொடுத்து வைக்கவில்லை."

ராஜாவின் முகம் வெளுத்தது. நெற்றி வியர்த்தது. அப்புறம்தான் வைத்தியரின் விரல் மணிக்கட்டுக்குப் போனது.

"பார்த்தீர்களா, தாவுகிறது!"

நம்பி பவ்வியமாகக் கேட்டார். "ஐயா, தெரியாமல்தான் கேட்கிறேன். யார் யாருக்கு நாடி பார்க்கக் கூடாது?"

"ஓடி வந்தவன், குளித்து வந்தவன், வயிறு முட்டத் தின்றவன். இவர்கள் நாடி சரியாகப் பேசாது."

"அவ்வளவு பேர்தானா?"

"அவ்வளவுதான்."

"ரொம்ப சந்தோஷம்" என்று கும்பிட்டுவிட்டு நம்பி நேரே யானைப்பாகனைத் தேடிப் போனார்.

அமாவாசை வந்தது. அவை கூடியது. துணி மூட்டையோடு சொர்ணத்தாயி தூணோரம் நின்றாள். வைத்தியர் ராஜாவின் கையைப் பிடிக்க எழுந்தபோது நம்பி குறுக்கே வந்தார். "கொஞ்சம் பொறுங்கள். ஐயா, உங்கள் தேகம் என்ன தேகம்?"

வைத்தியர் நெஞ்சை நிமிர்த்தினார். "சுத்தக் கப தேகம். ஆறு வருஷமாகப் புளியைத் தொட்டதில்லை. பால்சோறுதான். என் நாடி அன்னம்!"

"ராஜா பத்து நாளாகத் தவளையையே பார்க்கிறார். இன்றைக்கு அன்னத்தையும் ஒரு தடவை பார்க்கட்டுமே!"

வைத்தியர் பெருமையாகக் கையை நீட்டினார். ராஜா அருகில் வந்தார். நம்பி ஏதோ ஞாபகம் வந்தவர் போலப் பேசினார்.

"ஒரு சேதி கேள்விப்பட்டேன். பக்கத்து நாட்டில் ஒரு வைத்தியர் ராஜாவுக்கு இல்லாத நோயை இருக்கிறதென்று சொன்னாராம். குட்டு உடைந்துவிட்டது. உடனே பட்டத்து யானையைக் கொண்டுவரச் சொல்லி, அவரைக் கீழே படுக்கவைத்து... வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக அதை ஏன் சொல்லிக்கொண்டு!"

முற்றத்தில் கணகணவென்று மணி கேட்டது.

"அட, நம்ம யானையும் வந்துவிட்டதே!"

ராஜா விரலை வைத்தார். அவர் கண் அகல விரிந்தது. "ஓய் நம்பி! தாவுது ஓய்! ஒரு தவளை இல்லை, குளத்துத் தவளை மொத்தமும் தாவுது!"

"புளியே படாத உடம்பில் பித்தம் எப்படி வந்தது ஐயா?"

"அது... பித்தம் இல்லை... யானை... பயத்தில்..."

"ஓடினவன், குளித்தவன், தின்றவன் என்று மூன்று பேரைச் சொன்னீர்களே, பயந்தவனை மட்டும் ஏன் விட்டீர்கள்?"

ராஜாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. தினமும் காலையில் ஒரு பாளையக்காரர் சாவு, அப்புறம் நாடி!

"அந்த யானையை உள்ளே கூட்டி வாங்கடா!" என்று கத்தினார்.

"அது குளிக்கப் போகிறது மகாராஜா, பாவம், போகட்டும். தண்டனை எதற்கு? ஐயாவே வைத்தியம் சொல்லியிருக்கிறார். எவன் நாடியில் தவளை தாவுகிறதோ அவனுக்கு நாற்பது நாள். பேதமே கிடையாது."

ராஜா சிரிக்க ஆரம்பித்தவர் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி நம்பியிடம் நீட்டினார். நம்பி அதை வாங்கிச் சொர்ணத்தாயியின் கையில் மாட்டினார்.

"மூட்டையை வை தாயி, அடுப்பை மூட்டு. ராஜாவுக்குப் புளிக்குழம்பு. எனக்கும்தான்."

சொர்ணத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்தியரிடம் போனாள். அவளுக்கு யார் பசித்திருந்தாலும் மனசு கேட்காது. "ஐயா, உங்க கஞ்சியில ஒரு கல்லு உப்பாவது போடட்டுங்களா?"

வைத்தியர் முகம் மலர்ந்தது. "போடம்மா, நீ நல்லா இருப்பே!"

"பொறு தாயி" என்றார் நம்பி, முற்றத்துப் பக்கம் திரும்பியபடி. "முதலில் ஐயா நாடியில் தவளை அடங்கிவிட்டதா என்று பார்ப்போம். பாகா, யானை குளித்துவிட்டதா?"