குழாயைத் தொடாத ஊசி

திருமேனி சாருக்கு ஐம்பது வயது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் யாஸ்மின் மேடத்துக்கு நாற்பதுகூட இல்லை. பெரியவர்களின் இதய ஆபரேஷனில் பேர் வாங்கிய சார், பச்சைக்குழந்தைகளின் இதயத்தைக் கற்க மேடத்திடம் சேர்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஊசி எடுத்துக்கொடுக்கும் நர்ஸ் நான்.

அன்று ஆபரேஷன் மேஜையில் கிடந்த கைக்குழந்தை இனியன். நுரையீரலிலிருந்து நல்ல ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் இதயத்தின் தவறான பக்கம் போய்ச் சேர்ந்திருந்தன. பிறவிக் கோளாறு. சில மாதம் முன்பு, மேடம் வெளியூர் போயிருந்த வாரம், சார்தான் அவற்றைச் சரியான பக்கம் தைத்தார். அடேயப்பா, என்ன தையல்! ஒரு சொட்டு கசியவில்லை.

ஆனால் தைத்த இடமே தழும்பாகித் தடித்துவிட்டது. குழாய்களின் வாய் சுருங்கி, பிள்ளை மறுபடி நீலம் பாரித்துவிட்டான். அன்றே திறக்காவிட்டால் பிழைக்க மாட்டான்.

கை கழுவும்போது சார் கேட்டார்: "இந்தத் தடவை இன்னும் மெல்லிசான நூலாப் போடலாமா மேடம்?"

மேடம் கழுவிய கையை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போனார்.

இதயத்தை நிறுத்தி, தழும்பை வெட்டி, குழாய்களின் வாயை மேடம் அகலத் திறந்தார். சார் ஊசிக்குக் கை நீட்டினார்.

"குழாயைத் தொடாதீங்க சார்."

"தைக்காம எப்படி மேடம் சேரும்?"

"இதயத்தைச் சுத்தி ஒரு உறை இருக்குல்ல? இதயத்துல வெட்டின ஓரத்தை அதுல தைங்க. குழாயிலேருந்து தள்ளித் தைங்க."

"அப்ப குழாய்?"

"திறந்தே கிடக்கட்டும்."

"ரத்தம் கொட்டுமே!"

"கொட்டட்டும்."

சார் சுற்றிலும் தைத்து முடித்தார். நடுவில் குழாய்கள் ஒரு தையலும் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. இதயத்தை மறுபடி ஓடவிட்டோம்.

கொட்டத்தான் செய்தது. கொட்டியதெல்லாம் சார் தைத்த வளையத்துக்குள்ளேயே விழுந்து, நேரே இதயத்துக்குள் போனது. வெளியே ஒரு பொட்டு இல்லை!

"ஏறுது, ஏறுது!" என்று மயக்க டாக்டர் திரையைப் பார்த்துக் கத்தினார். ஆக்ஸிஜன் ஏறிக்கொண்டே போனது. இனியனின் உதடு சிவந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. கை நிறைய கத்தரியும் இடுக்கியும்.

சாரின் கண் கலங்கியிருந்தது.

"அப்ப போன தடவை நான் என்ன தப்பு பண்ணினேன் மேடம்? ஒரு சொட்டுகூடக் கசியலையே."

மேடம் முதல்முறையாகச் சிரித்தார்.

"தையல்ல தப்பே இல்ல சார். குழாயைத் தொடாம விடத்தான் உங்களுக்கு மனசு வரல."