'ம்' நின்ற இடம்

"எழுதுறதையே விட்டுடலாம்னு இருக்கேன், அம்மா" என்றார் இளவழகன்.

லேசுப்பட்ட ஆள் இல்லை. முதல் நாவலுக்கே பெரிய விருது. போகிற ஊரிலெல்லாம் மாலை, கைதட்டல். அப்பேர்ப்பட்டவர், தன்னைவிட வயதில் இளைய நாச்சியாரின் முன்னால் கைகட்டி நின்றார்.

நாச்சியார் ஒரு வரி எழுதியவர் இல்லை. கதை கேட்பார், அவ்வளவுதான். ஆனால் எழுதுகிறவர்கள் அவருடைய ஆசிரமத்துச் சமையலறையில் வந்து படித்துக் காட்டாமல் எதையும் அச்சுக்குக் கொடுக்க மாட்டார்கள். கைவேலையைப் பார்த்துக்கொண்டே அவர் 'ம்' கொட்டுவார். அந்த 'ம்'முக்கு அத்தனை மதிப்பு.

"என்ன ஆச்சு, ஐயா?"

"புது நாவல்ல ஒரு அத்தியாயத்தை ஒரு கூட்டத்துல படிச்சேன். ஒருத்தர்கூட கைதட்டல. ஒரு இருமல்கூட இல்ல. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. அவமானம் தாங்காம பாதியிலேயே மேடையை விட்டு இறங்கிட்டேன்."

"எங்கே, படிங்க."

"படிக்கிறேன். நாளைக்கு இது அச்சுக்குப் போகணும். உங்க 'ம்' எங்கே நிக்குதோ, அந்தப் பக்கங்களை இந்த அடுப்புலயே போட்டுடுவேன்."

"உங்க இஷ்டம்."

விறகடுப்பில் பாலை வைத்துவிட்டு, நாச்சியார் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தார். இளவழகன் படிக்க ஆரம்பித்தார்.

ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள். பெரியவன் குடிவெறியில் சின்னவனைக் கொன்றுவிட்டான்.

"ம்."

ஜெயிலுக்குப் போனான். அவள் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

"ம்."

தண்டனை முடிந்து, ஒரு மத்தியானம் வந்து கதவைத் தட்டினான். "அம்மா, பசிக்குதும்மா."

"ம்."

அவள் எழுந்து வந்தாள். எதிர்ச் சுவரில் சின்னவனின் படம். தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

'ம்' வரவில்லை.

இளவழகன் காத்திருந்தார். அதே வரியைக் கொஞ்சம் உரக்கப் படித்தார். ஊஹூம்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நாச்சியார் அதையும் கவனிக்கவில்லை. அரிவாள்மணையில் கை அப்படியே நின்றிருந்தது. கூட்டத்தில் பார்த்த அதே முகம்.

போச்சு! இளவழகன் தாளைக் கவிழ்த்துவிட்டு வாயில் வந்ததைச் சொன்னார்.

"அந்த நேரம் பார்த்து, தெருவுல ஒரு ஜீப் சீறிக்கிட்டு வந்துச்சு! அரிவாளோட நாலு பேர் குதிச்சாங்க!"

நாச்சியார் மூச்சை விட்டார். "ம்."

மகன் சுவரேறித் தப்பினான்.

"ம்." பாலை இறக்கி வைத்தார்.

துரத்தல். துப்பாக்கி. ஆற்றில் விழுந்தவனை ஓர் அழகி காப்பாற்றினாள்.

"ம்." "ம்." "ம்." கத்தரிக்காய் முடிந்து வெண்டைக்காய் வந்தது.

கல்யாணத்தோடு கதையை முடித்தபோது இளவழகன் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா! இதுதாம்மா கதை. அந்தக் கதவு சனியன்தான் எல்லாத்தையும் கெடுத்திருக்கு."

கதவு வருகிற பக்கங்களை உருவினார். அடுப்பில் போட்டார்.

"ஐயோ!"

அரிவாள்மணை சாய்ந்தது. நாச்சியார் வெறுங்கையை நெருப்புக்குள் விட்டுத் தாள்களை வெளியே இழுத்தார். தரையில் போட்டு உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பாதிக்கு மேல் கருகிவிட்டது. மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தேடிய வரி அதில் இல்லை.

"அம்மா, கை! கொப்புளிச்சிருச்சே!"

"கை கிடக்கட்டும்!" நாச்சியாரின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அந்தப் புள்ள இன்னும் பசியோட வெளியில நிக்கிறான், ஐயா. அவ கதவைத் திறந்தாளா, இல்லையா?"