கருவாட்டு வேனில் கல்யாணத்துக்கு

கருவாட்டு வியாபாரி சவேரியம்மாள், தன் வேன் செலவில் முக்கால் பங்கை வியாபாரச் செலவென்று வரிக்கணக்கில் கழித்திருந்தாள். வரி அதிகாரி தணிகாசலம் அவளைக் கூப்பிட்டு, நிற்கவைத்தே விசாரித்தார்.

"ஞாயித்துக்கிழமை அதே வேன்ல குடும்பத்தோட சர்ச்சுக்குப் போறீங்கல்ல?"

"போறோம் சார்."

"அப்ப அது குடும்ப வண்டி. ஒரு பைசா கழிக்க முடியாது. வியாபார வண்டின்னா நாளைக்குள்ள நிரூபிக்கணும்."

அன்று சாயங்காலம் அவருக்கு மைத்துனன் கல்யாண வரவேற்பு. ஆபீசிலேயே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தால், கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சவேரியம்மாள் அப்போதுதான் வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னை மண்டபத்துல விட்டுடும்மா" என்று உத்தரவு போட்டார்.

"ஏறுங்க சார். குடும்ப வண்டிதானே."

மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பெண், அவருக்கு மட்டும் சொம்பையே கவிழ்த்தாள். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நலம் விசாரித்தார். பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகவே கிடந்தது.

மறுநாள் சவேரியம்மாளுக்கு நாற்காலி கிடைத்தது.

"வேன் முழுக்க முழுக்க வியாபாரத்துக்குத்தான்னு எழுதிட்டேன்" என்றார் தணிகாசலம்.

"முழுசா எழுதாதீங்க சார், பொய்யாயிடும். முக்கால் பங்குதான் வியாபாரம். நேத்து உங்களைக் கல்யாணத்துல கொண்டுபோய் விட்டது, மிச்சக் கால் பங்குல வருது."