சாப்பிட்ட கை

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரிடம் உபதேசம் கேட்டு வருகிறவர்களில் செல்வபுஷ்பம் டீச்சரும் ஒருத்தி. ஐந்தாம் வகுப்பில் சாமிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அப்போது சாமியின் பெயர் நல்லபெருமாள். ஏழாம் வாய்ப்பாடு அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

டீச்சரிடம் அந்தக் காலத்திலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. சத்துணவு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பும்போது வாசலில் நின்று ஒவ்வொரு கையையும் மோந்து பார்ப்பாள். சாம்பார் வாசம் இல்லாத கையைச் சாப்பிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். வரிசையில் தட்டு ஏந்தி நிற்க வெட்கப்பட்டு, "சாப்ட்டேன் டீச்சர்" என்று புளுகுவதில் நல்லபெருமாள் கெட்டிக்காரன்.

இப்போது டீச்சருக்குப் புருஷன் இல்லை. மாமியார் நினைவு தப்பிக் கட்டிலோடு கிடந்தாள். பள்ளிக்கூட நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் டீச்சர்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்று ஊரே மெச்சியது. மெச்சினவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாள் வந்து கிழவியின் அழுக்குத் துணியை அலசிக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மடத்தில் உட்காரக்கூட இல்லை.

"சாமி, பொறுமைக்கு ஏதாவது வழி சொல்லணும்."

"என்ன ஆச்சு டீச்சர்?"

"நேத்து அத்தையை அடிச்சிட்டேன்."

சாமி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வாரமா சாப்பாட்டுக்கு வாயைத் திறக்க மாட்டேங்காவ. கரண்டியைக் கொண்டுபோனா பல்லைக் கடிச்சிக்கிடுதாவ. இப்படியே போனா மூக்குல குழாய் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நேத்து கஞ்சியைத் தட்டிவிட்டாவ. என் கை அதுபாட்டுக்குப் போயிட்டு. கன்னத்துல விரல் பதிஞ்சிட்டு சாமி. இந்தக் கையைப் பார்த்தாலே பயமா இருக்கு. அடுத்த தடவை என்ன பண்ணுமோ."

"காலையில சாப்ட்டியளா?"

"ஆச்சு."

"என்ன சாப்ட்டிய?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கிய?"

சாமி சிரித்தார். "மத்தியானம் வீட்டுக்கு வாரேன். சோறு போடுங்க."

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற பாடு போதாதென்று இப்போது சாமிக்கு விருந்து வேறு. என்றாலும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் முருங்கைக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள்.

சாமி சொன்னபடி வந்தார். கூடத்தில் இலை போட்டுப் பரிமாறினாள். அவர் இலையை அப்படியே ஏந்திக்கொண்டு உள்ளே போய், அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அங்க வாடை அடிக்கும் சாமி."

"உங்க தட்டு எங்க?"

"அத்தைக்குக் கொடுத்துட்டு, நான் அப்புறமா."

"அப்ப நானும் அப்புறமா." சாமி கையைக் கட்டிக்கொண்டார்.

டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாமி அசையவில்லை.

"எலே நல்லபெருமாளு, உசிரை வாங்காத!"

கத்திவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாமி கட்டிய கையோடு அப்படியே இருந்தார். வாய்ப்பாடு ஒப்பிக்காமல் நின்ற அதே பிடிவாதம். வேறு வழியில்லாமல் டீச்சர் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

முதல் கவளத்தை வேண்டாவெறுப்பாகத்தான் வாயில் வைத்தாள். அப்புறம்தான் பசி தெரிந்தது. ஒரு வாரமாகப் பெரும்பாலும் டீயும் பிஸ்கட்டுமாகவே ஓட்டியிருந்தாள். குழம்பை இன்னும் ஊற்றிப் பிசைந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சாமி எதிரில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, சாப்ட்டியா?"

எல்லாம் மறந்த அத்தைக்கு மறக்காமல் நின்றது இந்த ஒரு கேள்விதான். நடமாடிய நாளில் வீட்டின் கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் அவள் தன் தட்டை எடுப்பாள். இப்போதும் கஞ்சியோடு போகிறபோதெல்லாம் கேட்பாள். டீச்சரும் "ஆச்சு அத்தை" என்று சொல்லிக்கொண்டே கரண்டியை நீட்டுவாள்.

இன்று வாய் நிறையச் சோறு. பதில் சொல்ல முடியவில்லை. தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

அத்தை தட்டைப் பார்த்தாள். மருமகளின் அசைகிற வாயைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் வாயைத் திறந்தாள்.

டீச்சர் எழுந்து, அதே கையால் சோற்றை மசித்து ஊட்டினாள். அத்தை மென்று விழுங்கினாள். அடுத்த கவளத்துக்கும் திறந்தாள். டீச்சருக்குக் கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

அதற்குப் பிறகுதான் சாமி சோற்றில் கை வைத்தார். குழம்பு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

புறப்படும்போது டீச்சர் வாசல்வரை வந்தாள்.

"அத்தை சாப்ட்டுட்டாவ, சரி. ஆனா இந்தக் கை மறுபடி ஓங்காதுன்னு நான் எப்படி நம்புறது சாமி?"

சாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்களுக்கெல்லாம் பார்த்த மாதிரிதான் டீச்சர். அவங்ககிட்டப் போறதுக்கு முன்னால கையை மோந்து பாருங்க. குழம்பு வாசம் இல்லைன்னா திருப்பி அனுப்பிருங்க."