மந்திரி தேடிய நாகரிகமான சொல்

கருவேலங்கோட்டையை கஜேந்திர ராயர் ஆண்டபோது அங்கே ஒரு சட்டம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. இடையில் நாலே நாள். அந்த நாலு நாளும் அரண்மனையில் ஓலை எழுதும் மருதப்பருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். ராஜாவின் தம்பி, "இனி நான்தான் ராஜா" என்று கிளம்பியிருந்தார். பன்னிரண்டு ஊர் நாட்டாமைகள் யார் பக்கமோ, சிம்மாசனமும் அவர் பக்கம். நாட்டாமைகளோ ஒரே பிடியாக நின்றார்கள். கருவைக் கலைக்க மருந்து கொடுப்பவர்களை நாடு கடத்த வேண்டுமாம்.

"போட்டுவிடுவோம் மகாராஜா," என்றார் மந்திரி நரசப்பர்.

"அதைப் பற்றி நமக்கு என்னய்யா தெரியும்?"

"தெரிய வேண்டியதில்லை. நாட்டாமைகள் காதில் விழுந்தால் போதும்."

மருதப்பர் எழுத்தாணியை எடுத்தார். "தாய் உயிருக்கே ஆபத்து என்றால் விலக்கு உண்டா?"

"விலக்கு போட்டால் ஆரவாரம் குறையும். கிடையாது என்று எழுதும்."

"கர்ப்பிணி என்று போடவா?"

"சீச்சீ! சபையில் வாசிக்கிற ஓலை ஐயா. நாகரிகமாக ஏதாவது போடும். வீட்டுப் பெண்கள் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள் அல்லவா? அதைப் போடும். இன்னும் கொஞ்சம் மரியாதையாக, 'இருப்பவர்' என்று."

மருதப்பர் எழுதினார். 'முழுகாமல் இருப்பவருக்கு மருந்து கொடுப்போர் யாராயினும் நாடு கடத்தப்படுவர். விலக்கு கிடையாது.' வாசித்தபோது நாட்டாமைகள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். மந்திரி எதிர்பார்த்த அளவுக்கே செய்தார்கள்.

மறுநாளே மருத்துவச்சி வேலாத்தாளைப் பிடித்து வந்தார்கள். கொல்லர் தெரு பாவாயிக்கு நாலாம் மாதத்தில் உதிரம் நிற்கவில்லை. வேலாத்தாள் கருவைக் கலைக்க மருந்து கொடுத்தாள். பாவாயி பிழைத்துக்கொண்டாள்.

 மருதப்பர் மனைவி வயிற்றில் குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பி, இரண்டு உயிரையும் மீட்டுக் கொடுத்தவள் இந்த வேலாத்தாள்தான். அவளை நாட்டை விட்டுத் துரத்தும் ஓலையை அவர் கையே எழுதியிருக்கிறது. அட பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் விசாரணை. பன்னிரண்டு நாட்டாமைகளும் வந்து உட்கார்ந்தார்கள். ராஜா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி வந்தார். மந்திரி ஓடிப்போய், ஆவி பறக்கும் கஷாயத்தைத் தம் கையாலேயே ராஜாவிடம் நீட்டினார். ராஜா குடித்தார்.

"மருந்து குடுத்தியா?" என்று வேலாத்தாளை அதட்டினார் மந்திரி.

"குடுத்தேன் சாமி. குடுக்கலேன்னா அவ செத்திருப்பா. வாசல்ல ரெண்டு பிள்ளைங்க அழுதுக்கிட்டு நின்னுச்சு."

நாட்டாமைகளில் மூத்தவர் பெரியண்ணன் குறுக்கிட்டார். "கருவும் ஒரு உயிர்தானே ஆத்தா?"

"உயிர்தான் சாமி. அதைக் காப்பாத்தத்தான் ஒரு ராத்திரி முழுக்கப் பாடுபட்டேன். இதை எங்கிட்டக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."



"கதையெல்லாம் வேண்டாம்," என்றார் மந்திரி. "ஓலையில் உள்ளபடிதான் தீர்ப்பு."

மருதப்பர் எழுந்தார். "உள்ளபடியேவா?"

"எழுத்துக்கு எழுத்து!"

"மகாராஜா சித்தமும் அதுதானா?"

"அதேதான்யா," என்று ராஜா தும்மினார்.

"அப்படியானால் ஒரு சந்தேகம். மகாராஜா தலை முழுகி எத்தனை நாள் ஆகிறது?"

"அஞ்சு நாள் ஆச்சு. தலையில் தண்ணியே படக்கூடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டார்."

மருதப்பர் சபையைப் பார்த்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். "ஆக, மகாராஜா ஐந்து நாளாக முழுகாமல் இருக்கிறார்."

 ஒரு நாட்டாமை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"முழுகாமல் இருப்பவருக்குச் சற்றுமுன் மருந்து கொடுத்தவர் மந்திரி. பன்னிரண்டு பேர் சாட்சி. விலக்கு கிடையாது. வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

"அநியாயம்! அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அதுவா?"

"அர்த்தம் வேறாகவும் இருக்கலாம். தீர்ப்பு எழுத்துக்கு எழுத்து என்று தாங்கள்தான் சொன்னீர்கள்."

மந்திரிக்கு வாய் உளறிவிட்டது. "அட, அந்த ஓலையை நடைமுறைக்கா எழுதினோம்? நாட்டாமைகள் கேட்டுக் குளிரட்டும் என்றுதானே எழுதினோம்!"

சொன்ன பிறகுதான் நாட்டாமைகள் எதிரே உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜாவுக்கு முகம் செத்துப் போயிற்று. தம்பி சிம்மாசனத்தில் உட்காருவது கண்முன்னே தெரிந்தது. "நாட்டாமைகள் கோபிக்கக் கூடாது..." என்று இழுத்தார்.

துண்டால் வாய் பொத்தியவர் தலையைச் சொறிந்தார். "கோபிக்க என்ன இருக்கு மகாராஜா? எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? நாங்களும் ஊர்ச்சனம் கேட்டுக் குளிரட்டும்னுதான் கேட்டோம்."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியண்ணன் மட்டும் நிமிர்ந்து சொன்னார். "நான் நெசமாத்தான் கேட்டேன் மகாராஜா. ஆனா இந்த ஆத்தாகிட்டக் கேக்காமக் கேட்டுட்டேன். அது தப்பு."

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு தும்மலானது. தும்மல் இருமலானது. ஓலையை வாங்கி, தம் கையாலேயே இரண்டாக ஒடித்துப் போட்டார். இவ்வளவு கேலிக்கூத்துக்குப் பிறகு தம்பியிடம் போய் நிற்க நாட்டாமைகளுக்கும் முகமில்லை. ராஜா பக்கமே நின்றுகொண்டார்கள். மருதப்பருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. அதைப் போர்த்த வேண்டிய வேலை மந்திரிக்கு.

ராஜா வேலாத்தாளைப் பார்த்தார். "ஆத்தா, இந்த விஷயத்தில் இனி உன்னைக் கேட்டுத்தான் எழுதுவோம். சொல்லு, நான் என்ன உத்தரவு போடணும்?"

மருதப்பர் புது ஓலையோடு தயாராக நின்றார். வேலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உத்தரவு போட வேணாம் சாமி, உத்தரவு குடுங்க. பாவாயிக்குக் கஞ்சி வைக்கணும்."