பழுப்புத் திட்டு

"டீச்சர், இந்தப் படத்துல என்ன குறை?"

தவமணி படத்தை மெகருன்னிசாவின் மேசைமேல் வைத்தான். காரின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் கையால் வரைந்த சித்திரம்போல மாற்றும் வேலையை ஆறு மாதமாக அவளிடம் படித்துவந்தான். அவளுக்கு முப்பது. அவனுக்கு நாற்பத்தாறு.

நீலக் கார். சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. பளிச்சென்று பத்தே நிறங்கள்.

"யாரு என்ன சொன்னாங்க சார்?"

"குறைன்னு ஒண்ணுமே சொல்லல, அதான் உறுத்துது. டாக்சி ஸ்டாண்டு சூசை. இருபத்திரண்டு வருசம் அடுத்தவங்க வண்டி ஓட்டிட்டு இப்பத்தான் சொந்த வண்டி எடுத்திருக்கார். வீட்டுச் சுவர்ல மாட்டப் படம் கேட்டார். பார்த்தார். 'வண்டி ஜம்முன்னு இருக்கு சார்'னார். எடுத்துக்காமலே போயிட்டார்."

"ஜம்முன்னுதானே இருக்கு."

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். தேவையானது மட்டும் மிஞ்சுற வரைக்கும் நிறத்தைக் குறைங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. குறைச்சேன்."

அவள் படத்தில் கார்க் கதவை விரலால் தடவினாள்.

"இந்த இடம் மட்டும் செத்துக் கிடக்கே."

"அங்க ஒரு கறை. பத்து நிறத்துக்கு வந்ததும் பழுப்புத் திட்டா நின்னுது. நீலம் பூசி மூடிட்டேன்."

"என்ன கறை?"

"சேறா இருக்கும். டாக்சிதானே."

அவள் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினாள். அவன் வேலை செய்த படத்தைத் திரையில் திறந்தாள். கறுப்புக் கோடுகளை மறைத்தாள். அவன் பூசிய நீலத்தை நீக்கினாள். பிறகு நிறங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள்.

பத்து. திட்டு.

பதினெட்டு. திட்டுக்குக் கால்கள் முளைத்தன.

நாற்பது. ஒரு வெள்ளைச் சட்டை.

"சேறு சட்டை போட்டிருக்கு சார்."

அவள் கடைசிவரை நகர்த்தினாள்.

புதுக் கதவின் பளபளப்பில் எதிர்ப்பக்கம் முழுவதும் பிம்பமாக விழுந்திருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, கேமராவுக்குப் பின்னால் முகமில்லாமல், தவமணி. அவனுக்கு இரண்டு எட்டுத் தள்ளி சூசை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. தன்னைத்தான் போட்டோ எடுக்கிறார்கள் என்பதுபோல விறைப்பாக நின்றிருந்தார்.

"இவரை அங்க யாரு நிக்க வச்சது?"

தவமணிக்குக் காது சுட்டது.

"பானெட்டுல கை வச்சுத்தான் நின்னார். 'இப்படி நிக்கட்டா சார்'னு கேட்டார்."

"நீங்க?"

அவன் மேசையிலிருந்த படத்தை எடுக்கப் போனான்.

"சார்."

"'கையை எடுங்கண்ணே, ரேகை படுது'ன்னேன்."

மெகருன்னிசா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குப் பட்டது.

"இதுலேருந்தே அவரை வெட்டி எடுத்து, வண்டிப் பக்கத்துல நிக்கிற மாதிரி வரைஞ்சிடறேன் டீச்சர். ஒரு மணி நேர வேலை. ஒட்டுனதே தெரியாது."

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். அவனுடைய கேமராவை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள்.

ஸ்டாண்டில் நீலக் கார் மூன்றாவதாக நின்றது. உள்ளே சூசை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று தவமணி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். கார் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தான்.

சூசை முதலில் பார்த்தது கேமராவைத்தான்.

"வாங்க சார். போட்டோ சரியா விழலியா?"

அவசரமாக இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"இல்லண்ணே, நீங்க..."

அதற்குள் சூசை சாலையைத் தாண்டி எதிர்ச் சுவரோரம் போய்விட்டிருந்தார்.

"இவ்வளவு தள்ளி நின்னா போதுமா சார்?"